காயாத மஞ்சள்

சோப்பு போட்டாகிவிட்டது, எண்ணெய் தடவிப் பார்த்தாகிவிட்டது. இப்போது நர்ஸ் கொடுத்த ஸ்பிரிட் பஞ்சால் ஆர்டிஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணவர் ஓர்லினின் வலது கட்டைவிரல் நகத்தைச் சுற்றி டிராக்டருக்கு அடித்த மஞ்சள் ஒரு வளையமாக இறுகிக் கிடந்தது. தோல்தான் சிவந்ததே தவிர பெயிண்ட் அசையவில்லை.

ஓர்லின் கண்ணைத் திறக்கவில்லை. ஆக்ஸிஜன் முகமூடிக்குள் ஒவ்வொரு மூச்சும் சண்டை போட்டுத்தான் உள்ளே போனது. கட்டிலின் கால்மாட்டில் நின்ற டாக்டரம்மாவுக்கு ஆர்டிஸின் மகன் வயதுகூட இருக்காது.

"பெயிண்ட்ல ஹார்டனர் கலந்தா அடிச்சாரு?" என்று கேட்டாள் அவள்.

"கலக்காம யாரு அடிக்கிறா?" என்றான் ட்ராய். அவன்தான் அந்த மகன், ஜன்னலோரம் நின்றிருந்தான். "அது போட்டாத்தான் சீக்கிரம் காயும். பளபளப்பும் நிக்கும்."

"ஷெட்டு கதவெல்லாம் திறந்து வச்சுத்தானே?"

ட்ராய் சிரித்தே விட்டான். "திறந்தா தூசி வந்து ஒட்டிக்காதா? எல்லாத்தையும் அடைச்சு, இடுக்குல துணி சொருகி, தரையில தண்ணி தெளிச்சு, அதுக்கப்புறம்தான் அப்பா ஸ்பிரே கன்னையே கையில எடுப்பாரு."

"முகத்துக்கு என்ன போட்டுப்பாரு?"

"பேப்பர் மாஸ்க்."

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை மூடினாள். "அது தூசியத்தான் தடுக்கும். ஹார்டனர் அதுக்குள்ள நேரா போயிடும். சில பேரோட நுரையீரலுக்கு அது ஒத்துக்காமப் போயிடும். முதல்ல சும்மா வறட்டு இருமல்தான் வரும். அதுக்கப்புறம் கொஞ்சூண்டு பட்டாலும் இப்படித்தான் வந்து படுக்கணும். அதான் கேக்குறேன். வீட்டுல வேற யாராவது ஸ்பிரே அடிக்கிறீங்களா?"

"இல்ல. அப்பா மட்டும்தான்."

ஆர்டிஸின் கை நின்றது. டிராக்டரின் நான்கு சக்கரங்களுக்கும் சிவப்பு அடித்தது ட்ராய். மட்கார்டுகளுக்கு அடித்தபோதும் பாதி நேரம் கன் அவன் கையில்தான் இருந்தது. கோடை முழுக்க அப்பனும் பிள்ளையும் அந்த ஷெட்டுக்குள்தான் கிடந்தார்கள். போன வாரம் காலைச் சாப்பாட்டின்போது ட்ராய் இருமினான், சளியில்லாத வறட்டு இருமல். என்னடா என்று கேட்டதற்கு, சோயா அறுக்கிற தூசிம்மா என்றான். அவளும் அத்தோடு விட்டுவிட்டாள்.

இப்போது, இவன் பொய் சொல்கிறான் என்று டாக்டரம்மாவிடம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஓர்லின் கண்ணைத் திறந்து, கையால் முகமூடியை விலக்கினார்.

"பானெட்டு," என்றார். பார்வை ட்ராய் மேல் இருந்தது. "பாட்டரிப் பெட்டி மூடி... அதுக்கு அடிப்பக்கம் பாரு. வெயில்ல வச்சுப் பாரு. ட்யூப்லைட்ல பாக்காத."

"சரிப்பா."

நர்ஸ் ஓடி வந்து முகமூடியை மறுபடி மாட்டினாள். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் பக்கத்திலேயே இருக்க, மனிதர் கடைசியாகப் பேசியது பானெட்டைப் பற்றி. ஆர்டிஸுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. திடீரென்று அன்பாக ஏதாவது சொல்லியிருந்தால்தான் அவளுக்கு இவர் யாரோ என்று இருந்திருக்கும். சாயங்காலம் ஓர்லின் இறந்துபோனார்.

*

மறுநாள் காலை அடுப்படி மேடை முழுக்க அலுமினியத் தாள் மூடிய தட்டுகள். பக்கத்துப் பண்ணைகளில் எல்லோரும் அறுவடையில் இருந்தார்கள். இருந்தாலும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் துக்க வீட்டுக்கென்று உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் சீஸும் போட்டுச் சுட்ட ஏதோ ஒன்று வந்துவிட்டது. ஓர்லினின் தம்பி மில்டன் அதில் ஒன்றைத் திறந்து ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தார்.

"அடக்கம் சனிக்கிழமைன்னு பாஸ்டர் சொல்லிட்டாரு அண்ணி," என்றார். "வைக்கோல் வண்டிய நான் கழுவி வச்சிடறேன். சவப்பெட்டி அசையாம இருக்க ரெண்டு பக்கமும் வைக்கோல் கட்டு வச்சிடலாம்."

அவர்கள் சர்ச்சில் விவசாயி கல்லறைக்குப் போவது வைக்கோல் வண்டியில்தான். இழுப்பது அவர் சொந்த டிராக்டர். ஓர்லினின் அப்பாவை இழுத்துப் போனது இதே பழைய மோலின் டிராக்டர்தான். அப்போது அது துருப்பிடித்துக் கிடந்தது. அந்த அவமானத்தில்தான் ஓர்லின் அதைப் பிரித்துப் போட்டு, நட்டு நட்டாகச் சுத்தம் செய்து, புதுசாக்க ஆரம்பித்தார். இன்று சக்கரம் சிவப்பு, உடம்பு மஞ்சள், பானெட் மட்டும் சாம்பல் நிறப் பிரைமரோடு நிற்கிறது. பானெட்டுக்கு என்று கலந்த பெயிண்டோடுதான் அவர் கீழே விழுந்தார். கலந்ததில் மிச்சமிருந்தது அப்படியே கல்லாகிவிட்டது.

"நான் இன்னிக்கு பெயிண்ட் வாங்கிட்டு வந்து அடிச்சிடறேன்," என்றான் ட்ராய். "ஒரு மத்தியானம் போதும்."

"சாம்பலாவே போகட்டும்," என்றாள் ஆர்டிஸ்.

மில்டனின் ஸ்பூன் பாதியில் நின்றது. "அண்ணி, ஊரே ரோட்டோரம் வந்து நிக்கும்."

"நிக்கட்டும்."

"பாதி பெயிண்ட்டோட போனா அவன் பேரு என்னாகும்? அடுத்தவன் டிராக்டரப் பாத்து நொட்டை சொல்லியே காலத்த ஓட்டினவன் அவன்."

"அப்ப பிரஷ்ல அடிங்க."

"பிரஷ்ஷா!" மில்டன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரித்தது தப்பென்று தோன்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிரஷ்ல அடிச்சா பெட்டிய உடைச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்துருவான் அண்ணி."

"வந்தா நல்லதுதானே," என்றாள்.

ட்ராய் முஷ்டியை வாயில் வைத்து இருமினான். இரண்டு தடவை, வறட்டு இருமல். ஆர்டிஸ் அவன் நெஞ்சையே பார்த்தாள்.

"டாக்டரம்மா சொன்னது காதுல விழுந்துச்சா உனக்கு?"

"அப்பாவுக்கு வயசாச்சும்மா. எனக்கென்ன?"

"வெளியில வச்சு அடி. காத்தோட போயிடும்."

"சுத்தி எல்லாரும் அறுத்துக்கிட்டு இருக்காங்க. வெளியில வச்சா பானெட்டு மேல அரை இஞ்சு தூசி நிக்கும். அப்பா பெயிண்ட்ல ஒரு ஈ ஒட்டிப் பாத்திருக்கியா நீ?" எழுந்து சாவியை எடுத்தான். "அவரு கடைசியாச் சொன்னது எங்கிட்டம்மா. உங்கிட்ட இல்ல."

அது அவளைச் சுட்டது. ஆனால் சுட்டதைவிட பயம்தான் பெரிதாக இருந்தது. அவனைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

*

பாட்டரிப் பெட்டி மூடி அவள் மடியில் இருந்தது. அடிப்பக்கம் வெயிலே படாததால் நிறம் மங்காதது. ட்ராய் அதை மெழுகுத் துணியால் தேய்த்து எழுபது வருஷ அழுக்கை எடுத்திருந்தான். உள்ளங்கை அளவுக்குக் கம்பெனியில் அடித்த பழைய மஞ்சள் தெரிந்தது. முற்றிய மக்காச்சோளத்தின் மஞ்சள், அதற்குள் எங்கோ கொஞ்சம் சிவப்பு. ஊரில் மோலின் வைத்திருப்பவர்கள் இந்த மஞ்சளுக்காகச் சண்டை போட்டுப் பேசாமல் இருந்ததுகூட உண்டு.

பெயிண்ட் கடைக்கார ஜோனி கல்லாவைத் தாண்டி வந்து ஆர்டிஸைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, நேத்துதான் கேள்விப்பட்டேன். போன மாசம்தானே இங்க நின்னு எங்கூட மல்லுக்கட்டினாரு, என் மஞ்சளுக்கு மஞ்சக்காமாலைன்னு."

"அவரு வாய் அப்படி," என்றாள் ஆர்டிஸ்.

ஜோனியிடம் மூன்று டப்பாக்கள் இருந்தன. மூன்றிலும் ஒரே பெயர்தான் ஒட்டியிருந்தது, உள்ளே இருந்த மஞ்சள் மூன்று விதம். ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியை முக்கி, மூவரும் கடைக்கு வெளியே வந்தார்கள். மேகமில்லை. ட்ராய் மூடியைக் கவிழ்த்து வண்டியின் மேல் வைத்து, குச்சிகளை அதன் பக்கத்தில் அடுக்கினான்.

முதல் குச்சி எலுமிச்சை. அதை ஜோனியே எடுத்துவிட்டாள். இரண்டாவது ஏறக்குறைய சரி, ஆனால் செத்த நிறம். மூன்றாவது குச்சியை மூடியின் மேல் வைத்ததும் அதன் ஓரம் காணாமல் போயிற்று. எது குச்சி, எது மூடி என்று தெரியவில்லை.

வீட்டில் எத்தனை மஞ்சளை ஓர்லின் அவள் மூக்குக்கு நேரே நீட்டி இது எப்படி, இது எப்படி என்று உயிரை வாங்கியிருக்கிறார். அவர் கண்ணைவிட அவள் கண் நல்ல கண் என்று அவரே ஒத்துக்கொள்வார்.

"பச்சை அடிக்குது," என்றாள்.

"எதும்மா?"

"இதுதான். மூணாவது. பச்சை அடிக்குது. எதுவுமே சேரல ட்ராய். விட்டுடலாம்."

ஜோனி குச்சியைப் பார்த்தாள், ஆர்டிஸைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, கணவனை இழந்தவளிடம் நிறத்துக்காக வாதாட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். ட்ராய் மூடாத வாயோடு அம்மாவைப் பார்த்தான்.

"அழுது அழுது உனக்குக் கண்ணு மங்கிப்போச்சும்மா. இத்தனை அச்சா சேந்து நான் பாத்ததே இல்ல." ஜோனியிடம் திரும்பினான். "இதையே குடுங்க. கூட ஹார்டனர்."

"ஹார்டனர் தீந்துபோச்சுப்பா. அடுத்த வாரம்தான் வரும்."

ஆர்டிஸ் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். சாமியே கண் திறந்த மாதிரி இருந்தது அந்த ஒரு நிமிஷம்.

"பரவாயில்ல," என்றான் ட்ராய். "அப்பாவோடது அரை டப்பா ஷெட்டுல இருக்கு."

*

வீட்டுக்கு வந்ததும் ட்ராய் மாடுகளுக்குத் தீனி வைக்கப் போனான். ஆர்டிஸ் ஷெட்டுக்குப் போனாள்.

வேலை செய்யும் மேஜைமேல் எல்லாம் ஓர்லின் விட்டது விட்டபடி இருந்தது. அவர் கடைசியாகப் போட்ட பேப்பர் மாஸ்க் ஆணியில் தொங்கியது, அதன் நடுவில் மஞ்சள் வட்டம். அலமாரியில் ஹார்டனர் டப்பா இருந்தது, ஒரு கையில் அடங்கும் சின்ன டப்பா. அதைத் தொடவே அவளுக்குப் பயமாக இருந்தது. கொட்டிவிட்டேன் என்று சொன்னால் ட்ராய் அடுத்த ஊருக்கு வண்டியை எடுப்பான். ஒளித்து வைத்தாலும் அதேதான். அவனும் ஓர்லின் பெற்ற பிள்ளைதானே.

பாத்திரம் கழுவும் கையுறையை மாட்டிக்கொண்டாள். டப்பாவைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, ஷெட்டுக்குப் பின்னால் காற்று முதுகில் படும்படி நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மரத்தூள் நிரப்பிய பழைய வாளியில் கவிழ்த்தாள். தண்ணீர் மாதிரிதான் இருந்தது. ஆளைக் கொன்றது இதுவா என்று நம்ப முடியவில்லை. பெயிண்ட்டை நீர்க்க வைக்கும் தின்னரை விட்டுக் குலுக்கி அதையும் வாளியில் கொட்டினாள், மறுபடி ஒருமுறை செய்தாள். பிறகு அரை டப்பா தின்னரை நிரப்பி, மூடியைத் துடைத்து, இருந்த இடத்தில் அதே பக்கம் தெரியும்படி வைத்தாள்.

மத்தியானம் ட்ராய் பெரிய கதவை இழுத்துச் சாத்தினான். இடுக்கில் துணி சொருகுவது வெளியிலிருந்து தெரிந்தது. அவள் புல்லில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ உள்ள போம்மா. குளிருது," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல்.

"போறேன்," என்றவள் போகவில்லை.

கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது. கழுவியது போதுமா? கொஞ்சூண்டு பட்டாலும் என்றாளே அந்த டாக்டரம்மா. டப்பாவின் மடிப்பில், மூடியின் உள்பக்கத்தில் ஏதாவது ஒட்டியிருந்தால்? ஹார்டனர் அளக்கும் குவளையை அவள் கழுவவே இல்லை. அது ஞாபகம் வந்ததும் கதவின் தகரத்தில் காதை வைத்தாள். கம்ப்ரசர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஓர்லின் விழுந்த அன்றும் இந்தச் சத்தம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அடுப்படியில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டு, இன்னும் அடித்து முடியவில்லை போல என்று நினைத்திருந்தாள்.

கம்ப்ரசர் நின்றது. உள்ளே இருமல் கேட்டது.

ஒன்று, அடுத்து இன்னொன்று. பிறகு நிற்காமல் வரிசையாக. அதற்குப் பின் ஏதோ தகரம் தரையில் விழுந்த சத்தம்.

ஆர்டிஸ் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். அந்தக் கதவைத் தனியாகத் திறக்க அவளால் முடிந்ததே இல்லை, இன்று முழுசாக ஓடிப்போய் முட்டி நின்றது. காற்று அவளுக்கு முன்னால் உள்ளே போனது. பக்கத்து வயலில் ஓடிய அறுவடை இயந்திரத்தின் தூசி மொத்தமும் அதோடு போனது. அறுத்த வயலிலிருந்து கிளம்பியிருந்த பொறிவண்டுகளும் கூட்டமாகப் போயின.

ட்ராய் குனிந்து, முழங்காலில் கையூன்றி இருமிக்கொண்டிருந்தான். அவள் அவன் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்து, சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். "மூச்சு விடு! விடுடா! ட்ராய், மூச்சு விடு!"

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றான் அவன். புல்லில் உட்கார்ந்து இன்னும் இரண்டு தடவை இருமினான். பிறகு நிமிர்ந்து ஷெட்டுக்குள் பார்த்தான். "அம்மா, என்ன காரியம் பண்ணின!"

ஈரமான மஞ்சள் பானெட் வெளிச்சத்தில் மின்னியது. அதன் மேல் தூசி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பொறிவண்டுகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன, உட்கார்ந்தவை எழுந்திருக்கவில்லை. ட்ராய் அழுதான். அப்பா செத்ததற்கு அவன் அழுதது அப்போதுதான். ஆர்டிஸ் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கை வைத்து, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் உள்ளங்கையால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

சனிக்கிழமை காலையிலும் பானெட் காயவில்லை. விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. குளிருக்கு இப்படித்தான் என்றார் மில்டன். டப்பா பழசு, ஹார்டனர் செத்திருக்கும் என்றார் இன்னொருவர். ட்ராய் திறந்திருந்த ஷெட்டுக்குள் அலமாரிக்குப் போய் அந்தச் சின்ன டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்ததை ஆர்டிஸ் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

ட்ராய்தான் ஓட்டினான். வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே ஓர்லின் பின்னால் வந்தார். ஊர் முழுக்க ரோட்டோரம் நின்றது. அறுவடை இயந்திரங்களை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு மோலின் தகதகவென்றுதான் தெரிந்தது. பக்கத்தில் வந்தவர்களுக்குத்தான் தூசியும் பொறிவண்டும் தெரிந்தன. மரியாதையாகத் தட்டிக் கொடுக்கப் போனவர்கள் எல்லாம் உள்ளங்கை மஞ்சளாகித் திரும்பினார்கள். மில்டன் தன்னிடமிருந்த ஒரே கோட்டோடு பானெட்டில் சாய்ந்து நின்று தொலைத்தார்.

"போற போக்குல எனக்குப் பெயிண்ட் அடிச்சுட்டுப் போறான் பாருங்க அண்ணி," என்றார்.

கல்லறையில் பாஸ்டர் ஜெபம் முடித்தார். எல்லோரும் சர்ச்சின் கீழ்த்தளத்துக்குக் காபி குடிக்கப் போனார்கள். ஆர்டிஸ் போகவில்லை. டிராக்டர் பக்கத்தில் ட்ராய் தனியாக நின்றுகொண்டிருந்தான். பானெட்டின் ஓரத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தான். ரேகை அப்படியே பதிந்திருந்தது.

"டப்பால என்னம்மா ஊத்தி வச்ச?" என்றான், திரும்பாமல்.

"தின்னர்."

அவன் தலையாட்டினான். திட்டுவான் என்று காத்திருந்தாள். காற்றடித்தது, எங்கோ ஒரு அறுவடை இயந்திரம் மறுபடி கிளம்பியது.

"அந்த டாக்டரம்மாவுக்குத் திங்கக்கிழமை போன் பண்றேன்," என்றான் கடைசியில். "சக்கரத்துக்கு அடிச்சது நான்தான்னு சொல்றேன். நீயும் வா."

"சரி."

"கைய என்ன பண்றது? எல்லாரோடயும் கை குலுக்கணுமே."

"காட்டு."

அவன் கையை நீட்டினான். கட்டைவிரலில், நகத்தைச் சுற்றி, மஞ்சள். ஆர்டிஸ் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். அவன் சின்னப் பையனாக இருந்தபோது செய்த மாதிரி அதன் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, நகத்தோரம் வைத்துத் துடைத்தாள். ஒரே இழுப்பில் வந்துவிட்டது.